பி.ஏ. தத்துவம்: மொத்தம் 45 வாங்கியும் ஃபெயில், பட்டம் முடிக்க உண்மையில் என்னென்ன வேண்டும்?

செய்யாறு_பையன்:

வணக்கம். சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் படிக்கிறேன். நான்காம் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது, ஐந்தாவது தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி, அதாவது ஆகப்போகிறவன். அப்பா நெல் அறுக்கிற வண்டி ஓட்டுகிறார். "இதைப் படிச்சா என்ன வேலைடா" என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் "எப்ப முடியும்" என்று மட்டும்தான் கேட்கிறார். அதற்கே என்னிடம் பதில் இல்லை.

குழப்பம் மூன்று. முதலாவது, குறியீட்டு லாஜிக் தாளில் இன்டர்னல் 19, செமஸ்டர் தேர்வில் 26, மொத்தம் 45. ரிசல்ட்டில் ஆர்.ஏ. (மறுபடி எழுத வேண்டும்) என்று வந்திருக்கிறது. பாஸ் மார்க் 40 தானே? காமர்ஸ் நண்பன் ஒருவன் மொத்தம் 41 வாங்கிப் பாஸ், எனக்கு 45 ஃபெயில்.

இரண்டாவது, அலுவலக நோட்டீஸ் போர்டில் "பகுதி 4, 5 நிலுவை" என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது. முதல் வருடம் இரண்டாம் செமஸ்டரில் எனக்கு அம்மை போட்டிருந்தது. மேஜர் தாள்களைச் சமாளித்து எழுதினேன், வேறு துறையில் எடுத்திருந்த என்.எம்.இ. (மேஜர் அல்லாத விருப்பத் தாள்) தாளை எழுதவில்லை. என்.எஸ்.எஸ். முகாமுக்கும் போகவில்லை, அது அறுப்பு நேரம். இன்டர்ன்ஷிப்பும் நிலுவையில் காட்டுகிறார்கள். காமர்ஸ் பையன்கள் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனார்கள். தத்துவம் படிக்கிறவன் எங்கே போவது? துறையில் கேட்டால் "அதெல்லாம் கிளாஸில் சேராதுப்பா, மேஜரைப் பார்" என்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டால் "அது இல்லாமல் பட்டமே கிடையாது" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மூன்றாவது, எம்.ஏ. தத்துவத்துக்கு ஹைதராபாத் பல்கலை போக ஆசை. டெல்லியில் படிக்கிற ஒரு தோழி தன் படிப்பு நான்கு வருடம் என்கிறாள். நம் மூன்று வருடப் பட்டம் செல்லுமா?

ரயில்வே_காலனி:

முதலில் நீங்கள் சேர்ந்த வருடத்து ரெகுலேஷன் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதிகள் அவர்களுடையவை, பக்கத்துக் கல்லூரிக்காரன் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. சீனியர் சொன்னார் என்று எதையும் நம்பாதீர்கள், அவர் வேறு ரெகுலேஷனில் படித்திருப்பார்.

ஹால்டிக்கெட்:

தம்பி, உங்கள் துறை, அலுவலகம் இரண்டு பேர் சொல்வதும் சரி. வம்பே அதில்தான்.

நானும் பி.ஏ. தத்துவம்தான். படித்து முடித்து எழுத்தராகச் சேர்ந்து, இப்போது வேறொரு கல்லூரியில் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். ஹால் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள். தத்துவஞானி காண்ட் புரியாமல் பட்டம் நின்றுபோனவன் என்று ஒருத்தனை அந்த ஜன்னலில் நான் பார்த்ததே கிடையாது. காண்ட்டைப் பற்றி ஏதாவது நாலு பக்கம் எழுதிப் பாஸாகிவிடுவார்கள். நிற்பவர்கள் ஒன்று லாஜிக்கில் நிற்பார்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொல்கிற அந்தப் பகுதி 4, 5இல். நீங்கள் இரண்டு இடத்திலும் நிற்கிறீர்கள்.

45 ஏன் ஃபெயில் என்று முதலில் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழக வழக்கப்படி இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு தேர்வில் தனியாக 40 சதவீதம், அதாவது 75க்கு 30 வேண்டும். நீங்கள் 26. நான்கு மார்க் குறைவு, அதனால் இன்டர்னலில் 25க்கு 25 போட்டிருந்தாலும் ஃபெயில்தான். உங்கள் நண்பன் தேர்வில் 30ஐத் தாண்டி, இன்டர்னலில் குறைவாக வாங்கியிருப்பான். இதன் மறுபக்கமும் உண்டு: தேர்வில் சரியாக 30 வாங்கி இன்டர்னலில் 8 என்றால் மொத்தம் 38, அதுவும் ஃபெயில். இன்டர்னல் போட்டாகிவிட்டது என்று தேர்வை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் மாட்டுவது முதலில் சொன்ன அந்த 30இல்தான்.

மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள். முடியவில்லை என்றால் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டுங்கள். கட்டுரைத் தாளில் மறுமதிப்பீடு போட்டு நான்கு மார்க் ஏறுவது அதிர்ஷ்டம். லாஜிக் அப்படி இல்லை, வரிக்கு வரி மார்க். கடைசி வரி தவறாக இருந்தாலும் மேலே உள்ள சரியான வரிகளுக்கு மார்க் போட்டிருக்கிறார்களா என்று நகலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். துறையில் லாஜிக் நடத்துகிறவரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இப்போது பெரிய கணக்கு. தமிழ்நாடு உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று வருட இளங்கலைக்கு மொத்தம் 140 கிரெடிட். உங்கள் கல்லூரியில் இதைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கலாம், எலும்புக்கூடு இதுதான். பகுதி 1 தமிழோ வேறு மொழியோ, முதல் நான்கு செமஸ்டர், 12 கிரெடிட். பகுதி 2 ஆங்கிலம், அதுவும் 12. பகுதி 3 உங்கள் மேஜர்: இந்தியத் தத்துவம், கிரேக்கம், டெகார்ட்டிலிருந்து காண்ட் வரை, அறவியல், லாஜிக், சைவ சித்தாந்தம், அப்புறம் அலைடு, எலக்டிவ், புராஜெக்ட், எல்லாம் சேர்த்து 92. கூட்டினால் 116 வருகிறதா? மீதி 24தான் பகுதி 4, 5. என்.எம்.இ., திறன் மேம்பாட்டுத் தாள்கள், அறிமுகத் தாள், சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, இன்டர்ன்ஷிப், விரிவாக்கப் பணி, எல்லாம் இந்த 24க்குள் அடக்கம். ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு கிரெடிட், சிலது ஒன்று.

உங்கள் துறையில் சொன்னது இதைத்தான்: முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தரம் போடுவது பகுதி 1, 2, 3க்கு மட்டும், அதுவும் தனித்தனியாக. பகுதி 4, 5இன் மார்க் அந்தச் சராசரியில் சேராது. அலுவலகம் சொன்னதும் அதே பக்கத்தில் அடுத்த வரியில் இருக்கிறது: பகுதி 4, 5ஐப் படிப்புக் காலத்துக்குள் முடித்திருந்தால்தான் பட்டம் பெறத் தகுதி. ஆசிரியர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், பையன்களும் அதையே கேட்க விரும்புகிறார்கள். தத்துவத்தில் பல்கலைக்கழக ரேங்க் எதிர்பார்த்த ஒரு பெண் சுற்றுச்சூழல் தாளை எழுதாமல் விட்டுவிட்டு ஜூன் மாதம் என் ஜன்னலில் வந்து அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

(அந்தச் சுற்றுச்சூழல் தாளை எல்லாரும் திட்டுவார்கள். 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஆரம்பித்த விஷயம் அது. கல்லூரி நினைத்தாலும் அதை நீக்க முடியாது.)

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தன்னாட்சிக் கல்லூரி தேர்வு நடத்தும், ரிசல்ட் போடும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். எல்லாவற்றையும் முடித்தவர்களின் பட்டியலைத்தான் நாங்கள் அனுப்புவோம். 138 கிரெடிட் வைத்திருக்கிறவன் பெயரைச் சேர்த்து அனுப்ப எங்களுக்கு வழியே இல்லை. ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச்) சான்றிதழும் அதுவரை வராது. அவை இல்லாமல் எம்.ஏ. சேர்க்கையில் எத்தனை நாள் தவணை சொல்ல முடியும்?

என்.எம்.இ. பற்றி உடனே செய்ய வேண்டிய ஒன்று. அது வேறு துறை நடத்துகிற தாள். அந்தத் துறை இந்த வருடம் அதை மாற்றியிருந்தால், பழைய பாடத்திட்டத்தில் உங்கள் ஒருத்தருக்காக வினாத்தாள் தயாரிக்க வேண்டும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து கேட்டால் தலையில் அடித்துக்கொள்வோம். இந்த மாதமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: தாளின் பெயர், குறியீட்டு எண், எழுதாத செமஸ்டர். துறைத் தலைவர் கையெழுத்தோடு கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரியர் கட்டணம் கட்டும்போது அந்தக் குறியீட்டை நீங்களே சரிபாருங்கள். பாதிச் சிக்கல் தவறான குறியீட்டுக்குப் பணம் கட்டுவதால் வருகிறது.

இன்டர்ன்ஷிப்பும் என்.எஸ்.எஸ்.ஸும் அப்புறம் சொல்கிறேன், டோக்கன் கூப்பிடுகிறார்கள்.

செய்யாறு_பையன்:

சார், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி. மறுமதிப்பீட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதாம், நகலுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

லாஜிக்கில் எனக்குப் பிரச்சினை என்னவென்றால், பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. பாரம்பரிய லாஜிக் ஓரளவு வந்தது. குறியீடு வந்ததும் வகுப்பில் எல்லாரும் "இது கணக்கு" என்று பயந்தோம். நிறுவலில் எந்த விதியை எங்கே போடுவது என்று ஒன்றும் புரியாமல் பத்தொன்பது விதியையும் மனப்பாடம் செய்தேன். தேர்வில் விதிகளைப் பட்டியலாக எழுதிவிட்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குத் தமிழில் ஏதாவது கிடைக்குமா?

வல்லை_வெளி:

தம்பி, நான் யாழ்ப்பாணம். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் செய்தனான், இப்ப உயர்தர மாணவருக்கு அளவையியல், அதாவது நீங்கள் சொல்லும் லாஜிக், படிப்பிக்கிறேன். உங்களுக்கு உதவக்கூடிய ஒரு விசயம் இருக்கிறது. இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் "அளவையியலும் விஞ்ஞானமுறையும்" என்று ஒரு பாடம் உண்டு, தமிழ் மொழியிலேயே எழுதலாம். உண்மை அட்டவணை, குறியீட்டாக்கம், பெறுகை, போலிகள், மில்லின் முறைகள் எல்லாம் அதில் வரும். ஆசிரியர் வழிகாட்டி, கடந்தகால வினாத்தாள்கள் தமிழில் இருக்கின்றன, இணையத்தில் தேடினால் எடுக்கலாம். கலைச்சொற்கள் உங்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். குறியீடு ஒன்றுதானே, இரண்டு நாளில் பழகிவிடும்.

பத்தொன்பது விதி என்றால் நீங்கள் அளவையியல் பாடநூல் எழுதிய இர்விங் கோப்பியின் முறையில் படிக்கிறீர்கள்: ஒன்பது அனுமான விதி, பத்து பதிலீட்டு விதி. அந்த இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இதை ஒருவரும் உங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லைப் போல. அனுமான விதியை முழு வரிக்கு மட்டும்தான் போடலாம். பதிலீட்டு விதியை வரிக்குள் ஒரு துண்டுக்கும் போடலாம். என்னுடைய மாணவர்கள் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இங்கேதான். "ப அல்லது (க மற்றும் ச)" என்ற வரியிலிருந்து எளிதாக்கல் விதியால் ("க மற்றும் ச" என்றால் "க" எடுக்கும் விதி) "ப அல்லது க" என்று எடுத்துவிடுவார்கள். விடை தற்செயலாகச் செல்லுபடியானதுதான், ஆனால் அந்த விதியால் அதை ஒரே அடியில் எடுக்க முடியாது. பரம்பல் விதியால் "(ப அல்லது க) மற்றும் (ப அல்லது ச)" என்று முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் எளிதாக்கல்.

நிறுவலை மேலிருந்து கீழே யோசிக்காதீர்கள். முடிவை எடுத்து வைத்துக்கொண்டு, இது எந்த எடுகூற்றுக்குள் (வாதத்தில் தரப்பட்ட கூற்று) ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். நிபந்தனைக் கூற்றின் பின்பாதியான பின்னெடுப்பில் இருந்தால் முன்பாதியான முன்னெடுப்பு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். "அல்லது" போட்ட கூற்றில் இருந்தால் மற்றப் பாதியை மறுக்க ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிவில் உள்ள எழுத்து எடுகூற்றில் எங்கேயுமே இல்லை என்றால், "அல்லது" போட்டுப் புதிய கூற்றைச் சேர்க்கும் கூட்டல் விதியைத் தவிர அநேகமாக வேறு வழி இராது.

30 புள்ளி மட்டும் வேண்டுமென்றால் இன்னும் ஒன்று சொல்கிறேன். உண்மை அட்டவணையை ஒருபோதும் விடாதீர்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, பொறுமை மட்டும் போதும். மூன்று எழுத்து என்றால் எட்டு வரிசை, நான்கு என்றால் பதினாறு. பதினாறு வரிசை எழுத நேரம் இல்லாவிட்டால் குறுக்கு முறை: எடுகூற்று எல்லாம் உண்மை, முடிவு பொய் என்று வைத்து ஒரே வரிசையை நிரப்பப் பாருங்கள். முரண்பாடு இல்லாமல் நிரப்ப முடிந்தால் வாதம் வலிதற்றது (செல்லாது), அந்த ஒரு வரிசையே விடை. எப்படி நிரப்பினாலும் முரண்பட்டால் வலிதானது.

ஹால்டிக்கெட்:

அம்மா, எங்கள் காலத்தில் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. நானெல்லாம் எளிதாக்கலை எங்கே வேண்டுமானாலும் போட்டுத் தள்ளியவன்.

தம்பி, இதோடு சேர்த்து ஒன்று. இந்திய லாஜிக் கேள்வியும் உங்கள் பாடத்திட்டத்தில் எங்கேயாவது வரும். நியாயத்தின் ஐந்து உறுப்பு: பிரதிஜ்ஞை, ஹேது, உதாரணம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு, ஏனென்றால் புகை, அடுக்களையில் போல. இதை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, மணிமேகலையில் அறவண அடிகள் அவளுக்கு இதையேதான் நடத்துகிறார் என்று யாரும் கவனிப்பதில்லை. 29ஆம் காதை, "தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை". அளவைகள், பக்கம், ஏது, திட்டாந்தம், போலிகள் என்று முழுக்க பௌத்தத் தருக்கம். 27ஆம் காதையில் ஒவ்வொரு சமயவாதியும் தன் கொள்கையைச் சொல்வார்கள். தமிழ் வழியில் வந்த பையனுக்குச் சொந்த வீட்டுச் சரக்கு. அறவியல் தாளிலோ இந்தியத் தத்துவத்திலோ புராஜெக்ட் தலைப்பு இன்னும் எடுக்கவில்லை என்றால் யோசியுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வருகிறவர் சங்கரரைப் பற்றிப் பத்தாவது புராஜெக்ட்டைக் கேட்டுச் சலித்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

சரி, இன்டர்ன்ஷிப். பொதுவாக நான்காம் செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில் செய்து, கிரெடிட் ஐந்தாம் செமஸ்டரில் விழும். நீங்கள் விடுமுறையைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் ஐந்தாம் செமஸ்டர் இன்னும் முடியவில்லை. துறைத் தலைவரிடம் வார இறுதிகளிலும் பூஜை விடுமுறையிலும் செய்ய அனுமதி கேளுங்கள். சனிக்கிழமை பூட்டியிருக்கும் இடத்துக்கு இந்த ஏற்பாடு சரிவராது, அதையும் முதலிலேயே விசாரியுங்கள்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்துக்குள் 1886இல் ஆல்காட் தொடங்கிய நூலகம் இருக்கிறது, சுவடிகளும் பழைய நூல்களும் ஏராளம். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மயிலாப்பூரில் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு மையம். எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. துறைத் தலைவர் கடிதத்தோடு நேரில் போய்க் கேளுங்கள். அட்டவணை சரிபார்ப்பது, தலைப்பு தட்டச்சு செய்வது என்று ஏதாவது வேலை எப்போதும் கிடக்கும். சேரும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: கல்லூரி எத்தனை மணி நேரம் கேட்கிறது, சான்றிதழில் தேதியும் மணி நேரமும் முத்திரையும் இருக்குமா. "இவர் நல்ல பையன்" என்று மட்டும் எழுதிய சான்றிதழ்களை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம்.

என்.எஸ்.எஸ்.ஸில் வழக்கமான கணக்கு வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். கல்லூரி பகுதி 5க்கு இது முழுவதையும் கேட்கிறதா, இல்லை வருகைப் பதிவு மட்டும் போதுமா என்பது அங்கங்கே வேறுபடும். முகாம் மட்டும்தான் பாக்கி என்றால் இந்த வருட முகாமில் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். அறுப்பு நேரம் என்று சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சில கல்லூரிகளில் ரத்ததான முகாம், செஞ்சிலுவைச் சங்கப் பணி என்று மாற்று ஏற்பாடும் உண்டு.

மண்டிஹவுஸ்:

டெல்லிப் பல்கலையில் தத்துவம் ஆனர்ஸ் படிக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

இங்கே 2022இல் வந்த திட்டப்படி ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். மூன்று வருடத்தில் 132 எடுத்து ஆனர்ஸ் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காவது வருடமும் இருந்தால் 176. முதல் மூன்று வருடத்தில் செமஸ்டருக்கு மூன்று மேஜர் தாள், தாளுக்கு நான்கு கிரெடிட். இங்கேயும் உங்கள் பகுதி 4 மாதிரி இரண்டு கிரெடிட் தாள்கள் வரிசையாக உண்டு: மொழி, திறன், மதிப்புக் கூட்டல் என்று. நாங்களும் அதைத் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறோம். நான்காவது வருடத்தில் ஆய்வேடு, செமஸ்டருக்கு 6 கிரெடிட்.

யு.ஜி.சி. சட்டகத்தில் மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120, நான்கு வருடத்துக்கு 160. உங்கள் 140 தாராளமாகப் போதும். மூன்று வருடம் முடித்தவருக்கு எம்.ஏ. இரண்டு வருடம். நான்கு வருடம் முடித்தவர் ஒரு வருட எம்.ஏ. இருக்கிற இடத்தில் அதில் சேரலாம். 2022 பி.எச்டி. விதிகளின்படி நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமல் நேராக பி.எச்டி.க்கும் விண்ணப்பிக்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஹைதராபாத் மத்தியப் பல்கலை, நுழைவு சி.யு.இ.டி. என்கிற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தாள் வழியாக. கடைசி செமஸ்டரில் இருக்கும்போதே எழுதலாம். அதை நடத்துகிற என்.டி.ஏ.வின் அறிவிப்பு வந்ததும் தேதி பாருங்கள், நம் ஊர்ப் பையன்கள் இதைத் தவறவிடுவது அதிகம்.

எனக்குத் தனிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: நான்காவது வருடத்துக்காக ஏங்க வேண்டாம். வீட்டில் "எப்ப முடியும்" என்று கேட்கிற அப்பா இருந்தால் மூன்று வருடத்தில் கையில் ஒரு பட்டம் இருப்பது பெரிய விஷயம்.

ரயில்வே_காலனி:

சம்பந்தம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போகிற யோசனை இருந்தால், பட்டப்படிப்புத் தரத் தேர்வுகள் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும், தத்துவமும் செல்லும். ஆனால் தமிழ் வழி 20 சதவீத இடஒதுக்கீட்டுக்குப் பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பி.ஏ.வை ஆங்கில வழியில் படித்தால் அந்தத் தேர்வுகளில் அது போய்விடும். பலர் பன்னிரண்டு வரை தமிழ் வழி என்றாலே போதும் என்று நினைக்கிறார்கள்.

செய்யாறு_பையன்:

பாடத்திட்டம் ஆங்கில வழிதான், ஆனால் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டு. அது கணக்கில் வராதா?

விடைத்தாள் நகல் வந்துவிட்டது. அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது. நிறுவல் கேள்வியில் வரிக்குள் எளிதாக்கல் போட்டிருக்கிறேன், சிவப்பில் வட்டம். ஆனால் இன்னொரு கேள்வியில் உண்மை அட்டவணை எட்டு வரிசையும் சரி, கடைசியில் வலிது என்று எழுதாததால் மொத்தத்துக்கும் இரண்டு மார்க்தான் போட்டிருக்கிறார்கள். லாஜிக் சார் பார்த்துவிட்டு "மறுமதிப்பீடு போடு, ஏறலாம்" என்றார். போட்டுவிட்டேன். ஏறினால் இது முதல் முயற்சியில் பாஸ் ஆனதாகுமா சார்? டிஸ்டிங்ஷன் போய்விடும் என்று ஒருவன் பயமுறுத்துகிறான்.

ஹால்டிக்கெட்:

மறுமதிப்பீட்டில் 30 வந்துவிட்டால் அதே தேர்வின் ரிசல்ட் திருத்தப்படுகிறது, நீங்கள் இரண்டாம் முறை உட்காரவில்லை. முதல் முயற்சிதான். ஏறாமல் நவம்பரில் எழுதினால் முதல் முயற்சி போய்விடும். சென்னைப் பல்கலை முறையில் சராசரி பத்துக்கு 7.5க்கு மேல் இருந்தாலும், எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே முடித்தவருக்குத்தான் டிஸ்டிங்ஷன். மற்றபடி முதல் வகுப்புக்கு அந்தத் தடை இல்லை, 6 இருந்தால் போதும். அது அரியரால் எங்கேயும் போகாது.

மறுமதிப்பீட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து நவம்பர் அரியர் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும், ரிசல்ட் வருவதற்குள் கட்டணக் கெடு முடிந்துவிடும். கட்டிவிடுங்கள். பாஸ் ஆகிவிட்டால் பணம் திரும்ப வராது, அது கல்லூரிக்குப் போகட்டும். என்.எம்.இ. தாளுக்கும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக் கட்டுங்கள்.

தமிழ் வழிச் சான்று பற்றி: அந்தச் சான்றிதழில் எந்த மொழியில் தேர்வு எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை, எந்த மொழி வழியில் படிப்பு நடந்தது என்று பார்க்கிறார்கள். ஆங்கில வழி வகுப்பில் சேர்ந்து தமிழில் எழுதினால் எங்கள் கல்லூரியில் அந்தச் சான்று கொடுப்பதில்லை. உங்கள் முதல்வர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்.எம்.இ. கடிதம் கொடுத்தாயிற்றா, இல்லையா? அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

செய்யாறு_பையன்:

கொடுத்துவிட்டேன் சார். முத்திரை வாங்கிவிட்டேன். தாள் இன்னும் பழைய பாடத்திட்டத்திலேயே நடக்கிறதாம், ஜூனியர் ஒருவனிடம் நோட்ஸ் கேட்டிருக்கிறேன். தலைப்பு "வீட்டுத் தோட்டம்". தாவரவியல் துறை.